சொந்தமாக ஒரு டாரட் அட்டை வரைய: பால்மர நிரையில் ஒன்பதாம் எண்

குறி பார்க்கப் பயன்படும் படச்சீட்டான டாரட் அட்டையை வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். பழைய அட்டையில் நிற்கும் ஐரோப்பியக் கிழவருக்கு வேட்டி கட்டிவிடுவார்கள். ரோஜா இருந்த இடத்தில் தாமரை வரும், கோட்டை இருந்த இடத்தில் கோபுரம் வரும். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பினாங்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் மனசில் எதுவும் அசையாது. உடை மாறியிருக்கிறது, அட்டைக்குள் நடக்கும் காரியம் மட்டும் இன்னும் அந்த ஊர்க் காரியமாகவே இருக்கிறது.

வேறொரு வழி இருக்கிறது. ஒரே ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு, யோசனையிலிருந்து அச்சகம் வரை அந்த வழியில் போய்ப் பார்ப்போம். நான் எடுத்திருப்பது ஒன்பதாம் எண், ஹெர்மிட் எனப்படும் துறவி அட்டை. அதைப் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் ரப்பர் தோட்டம் ஒன்றில் விடியலுக்கு முன் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகும் ஒரு பெண்ணாக வரையப்போகிறோம். நீங்கள் வேறு அட்டையை எடுத்தாலும் படிகள் இவையேதான்.

வரைவதற்கு முன்

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. அதை வைத்துக் குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. ஒரு சீட்டுக்கட்டில் 78 அட்டைகள். அவற்றில் 22 மேஜர் அர்கானா. பேதை, துறவி, கோபுரம், நட்சத்திரம் போன்ற பெரிய அட்டைகள் இவை. மீதி 56 மைனர் அர்கானா. கோல், கிண்ணம், வாள், காசு என்று நான்கு இனம், இனத்துக்குப் பதினான்கு.

இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான கட்டுகளுக்கு மூலம் 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. கருத்தைச் சொன்னவர் ஏ. இ. வெய்ட், வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் எண் அட்டைகள் என்றால் ஐந்து கிண்ணம், ஏழு வாள் என்று அடுக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பமேலா அந்த எண் அட்டைகளுக்கும் மனிதர்களை வரைந்தார். அழுகிறவர், தூங்குகிறவர், திருடிக்கொண்டு நழுவுகிறவர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. அவருடைய பெயரெழுத்துகளைப் பின்னிய சின்னம் படங்களின் ஓரத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். உலகம் முழுவதும் அந்தக் கட்டு நெடுங்காலம் வெளியீட்டாளர் பெயராலும் வெய்ட் பெயராலும் மட்டுமே அறியப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பமேலா இறந்தது 1951இல். மலேசியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 50 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. பிரிட்டனில் 70 ஆண்டு, அதுவும் 2021 முடிவில் தீர்ந்துவிட்டது. ஆகவே அவருடைய மூலப் படங்களைப் பார்த்துப் பழகத் தடை இல்லை. பின்னால் வந்த நிறுவனங்கள் புதிதாக நிறம் தீட்டி வெளியிட்ட பதிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கலாம், அவற்றைத் தொடாதீர்கள்.

சீட்டெடுத்துப் பலன் பார்ப்பது நமக்குப் புதிதில்லை, கிளி ஜோசியம் தெரியாத தமிழர் யார்? ஆனால் கிளி எடுக்கும் சீட்டில் முருகனோ லட்சுமியோ வந்தால் பலன் ஏற்கனவே முடிவாகிவிட்டது; படம் அதற்கு அடையாளம் மட்டுமே. டாரட்டில் படத்தைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கும். பார்க்கிறவர் கண் எங்கே போகிறது, எதில் நிற்கிறது என்பதிலிருந்து பலன் பிறக்கிறது. ஆகவே படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஏதாவது வேலை செய்தாக வேண்டும்.

முதல் படி: அட்டையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு ஓர் ஆள் அல்லது இரண்டு ஆள் மட்டும் இருக்கும் பெரிய அட்டை நல்லது. துறவி, வலிமை, நிதானம், நட்சத்திரம் இவற்றில் ஒன்று. உலகம் என்ற 21ஆம் அட்டையில் மாலையும் நான்கு மூலையில் நான்கு உருவங்களும் உண்டு, புதியவருக்கு அது கூட்டம். மரணம், காதலர் இரண்டையும் தள்ளி வையுங்கள். எலும்புக்கூட்டையும் ஆதாமையும் ஏவாளையும் மனசிலிருந்து விரட்டுவதிலேயே காலம் போய்விடும்.

நீங்கள் வாழ்ந்து பார்த்த உணர்ச்சி எந்த அட்டையில் இருக்கிறதோ அதை எடுங்கள். வாழ்க்கையில் தெரியாத உணர்ச்சிக்குப் புத்தகத்துப் பொருள்கள்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது?

கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான். இங்கே நிதானமாக இருங்கள்.

ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பழைய அட்டையில் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் எல்லாம். வலப்பக்கம், அந்தப் பொருள் அங்கே என்ன செய்கிறது என்று ஒரு வினைச்சொல்லோடு எழுதுங்கள். "ஞானம்", "தூய்மை" என்று பெயர்ச்சொல்லில் எழுதினால் அடுத்த படிக்கு உதவாது.

துறவி அட்டையில் ஒரு கிழவர் பனிமலை உச்சியில் நிற்கிறார். கையில் விளக்கு, விளக்குக்குள் ஆறுமுனை நட்சத்திரம். மறு கையில் நீண்ட கோல். உடம்பை முழுதாக மூடிய சாம்பல் நிற அங்கி. தலை குனிந்திருக்கிறது. என் தாளில் வலப்பக்கம் இப்படி எழுதியிருக்கிறேன். மலை: ஆட்களிடமிருந்து அவரைப் பிரிக்கிறது. விளக்கு: கொஞ்ச தூரம் மட்டும் காட்டுகிறது. கோல்: தாங்குகிறது, தரையைச் சோதிக்கிறது. அங்கி: ஆளை மறைக்கிறது. சுற்றியுள்ள இருட்டு: மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு விளக்கை மட்டும் பார்க்க வைக்கிறது.

இப்போது கேள்வி: நம் ஊரில் இதே வேலைகளைச் செய்யும் பொருள்கள் எவை? உருவம் ஒத்துப்போகிறதா என்று தேடவே வேண்டாம். உருவ ஒற்றுமை நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். உதாரணத்துக்கு ஏழாம் எண், தேர். பினாங்குக்காரருக்கு உடனே தைப்பூசத் தேர்தான் நினைவுக்கு வரும். ஆனால் டாரட் தேரில் ஓட்டுபவர் ஒருவர், வேறு வேறு பக்கம் போகப் பார்க்கும் இரண்டு மிருகங்களைத் தன் மன உறுதியால் மட்டும் கட்டுப்படுத்துகிறார். அவர் கையில் கடிவாளம்கூட இல்லை. தைப்பூசத் தேரில் இருப்பவர் இறைவன். தேரோடு ஊரே சேர்ந்து நடக்கிறது, அங்கே தனி ஒருவரின் உறுதிக்கு இடமே இல்லை. பெயர் ஒன்று, வேலை வேறு.

அதே தைப்பூசத்தில் வேறோர் அட்டைக்குப் பொருத்தமான பொருள் கிடைக்கிறது. பதினாறாம் எண் கோபுரம்: மின்னல் தாக்குகிறது, உச்சியிலிருந்த மகுடம் தெறிக்கிறது, ஆட்கள் விழுகிறார்கள். கட்டி வைத்திருந்த அகம்பாவம் ஒரே அடியில் உடைவதுதான் அந்த அட்டையின் வேலை. தேர் வரும் வழியில் மலைபோல் குவித்துச் சாலையில் ஓங்கி அடிக்கும் தேங்காய்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஓடு சிதறுகிறது, வெள்ளை வெளியே வருகிறது, தண்ணீர் தெறிக்கிறது. உருவத்தில் கோபுரத்துக்கும் தேங்காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியும் அந்தச் சாலையில் நின்றிருக்கிற எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவைப்படாது.

மூன்றாம் படி: முதல், கரு, உரி

பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போனால் படம் சந்தைக்கடை ஆகிவிடும். அவற்றை ஒழுங்குபடுத்த நம்மிடமே ஒரு முறை இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலுக்கு மூன்று பொருள்கள் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், பறவை, உணவு, தொழில் போன்றவை கருப்பொருள். மனசின் நிலை உரிப்பொருள். நெய்தல் பாட்டில் கடற்கரை இருக்கும், மாலைக்கு முந்திய பொழுது இருக்கும், புன்னை மரமும் நாரையும் இருக்கும். தலைவியின் ஏக்கத்தை அந்த நாரையே சொல்லிவிடும். டாரட் அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆகவே இந்த வரிசையில் முடிவெடுங்கள். உரிப்பொருளை அட்டை ஏற்கனவே கொடுத்துவிட்டது. துறவிக்கு அது தனிமையில் தேடுவது. அடுத்து நிலமும் பொழுதும். எனக்கு அது பால்மர நிரை, அதாவது ஒருவர் வெட்டும் மரவரிசை, விடியலுக்கு முந்திய இருட்டு. மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் அந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால்தான் நம் பாட்டிமார்கள் அந்த வேளையில் வேலைக்குப் போனார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள், பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் நிரைக்குத் தனியாகப் பிரிவார்கள். பனிமலை செய்த வேலையை அந்தப் பிரிதல் செய்துவிடுகிறது.

பிறகுதான் கருப்பொருள். நெற்றியில் கட்டிய விளக்கு, வெட்டுக் கத்தி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, இடுப்பில் தொங்கும் கொசுவத்தி, தலையைச் சுற்றிய துணி, முழுக்கைச் சட்டை.

நெற்றி விளக்கில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய துறவி விளக்கைக் கையில் உயர்த்திப் பிடிக்கிறார், பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறார் என்றும் சிலர் சொல்வார்கள். நெற்றி விளக்கு அப்படி இல்லை. அவள் எதைப் பார்க்கிறாளோ அதன் மேல் மட்டும் வெளிச்சம் விழும். பார்ப்பதும் விளக்கேற்றுவதும் இங்கே ஒரே செயல். அட்டையின் பொருள் கொஞ்சம் நகர்கிறது என்பது உண்மைதான். அந்த நகர்வுக்காகத்தான் நான் இந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன், உங்கள் அட்டையிலும் ஒரு பொருளாவது இப்படிப் பழைய பொருளைத் தாண்டிப் போகட்டும்.

கோலுக்குப் பதில் கத்தி என்று எழுதக் கை பரபரக்கும். வேண்டாம். கோல் தாங்குவது, கத்தி வெட்டுவது. தாங்கும் வேலைக்கு அவளுடைய இடக்கையை மரத்தின் மேல் வைத்தேன். கத்திக்கு அதன் சொந்த நியாயம் உண்டு: பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தன்னைத் தானே ஆராய்கிறவருக்கும் அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: உண்மையைப் போய்ப் பாருங்கள்

நீங்கள் தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள். பால்மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியும். பட்டைக்குள் பால்குழாய்கள் ஓடும் சாய்வுக்கு அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இதை மாற்றி வரைந்தால், தோட்டத்தில் வளர்ந்தவர் முதல் பார்வையிலேயே அட்டையைக் கீழே வைத்துவிடுவார். ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும். புது வெட்டுக்கு முன் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலை உரித்தெடுப்பார்கள்.

பினாங்கில் பழைய தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. ஆனால் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயோ பக்கத்து வீட்டிலேயோ ஒரு பாட்டி இருப்பார். "பாட்டி, விளக்கை எப்போ அணைப்பீங்க? கத்தியை எந்தக் கையில பிடிப்பீங்க? வாளியை எங்க வைப்பீங்க?" என்று கேளுங்கள். பேசச் சொல்வதோடு விடாதீர்கள், நின்று காட்டச் சொல்லுங்கள். முதுகு எவ்வளவு வளைகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுப்பதாக இருந்தால் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். முகத்தை அப்படியே வரையாதீர்கள்.

தேடும்போது எதிர்பாராத பரிசுகளும் கிடைக்கும். ரப்பர் 1877இல் இந்த மண்ணுக்கு வந்த கதையைப் படித்தபோது, லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள் என்றும், அவற்றில் கோலகங்சாரில் நடப்பட்டவை 9 என்றும் தெரிந்தது. மேஜர் அர்கானா 22, துறவியின் எண் 9! இது தற்செயல்தான். ஆனாலும் என் அட்டையில் சரியாக ஒன்பது மரம் நிற்கிறது. எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு அது கிடைக்கும், எண்ணாதவர்களுக்குப் படத்தில் எதுவும் குறையாது. எண்ணை இப்படி மறைத்து வைப்பது டாரட்டில் பழைய வழக்கம். நட்சத்திர அட்டையின் நட்சத்திரங்களை எண்ணினால் எட்டு வரும், ஒவ்வொன்றுக்கும் எட்டு முனை.

ஐந்தாம் படி: எடுத்துப் போடுங்கள்

இப்போது உங்களிடம் பொருள்கள் அதிகமாக இருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் படம் அதையே சொல்கிறது என்றால் அந்தப் பொருள் போகலாம்.

அடுத்து, மற்ற அட்டைகளின் பொருளைத் திருடியிருக்கிறோமா என்று பாருங்கள். விடியலுக்கு முன் என்றதும் நிலாவும் விடிவெள்ளியும் வரைய ஆசை வரும். ஆனால் நிலா 18ஆம் அட்டை, நட்சத்திரம் 17. குறி பார்க்கப் பழகியவர் உடனே அந்தப் பக்கம் போய்விடுவார். நாய் வேண்டாம், அது பேதைக்கும் நிலாவுக்கும் உரியது, கூடவே அது இருந்தால் அவள் தனியாகவும் இல்லை. என் வானத்தில் எதுவுமே கிடையாது, அடிவானத்தில் ஒரு நீலக்கோடு மட்டும்.

மூன்றாவதாக, நம் ஊரில் அந்தச் சின்னத்துக்கு வேறு பொருள் இருக்கிறதா? துறவியின் விளக்கில் உள்ள ஆறுமுனை நட்சத்திரத்தைத் தமிழர் பார்த்தால் முருகனின் சட்கோணம்தான் தெரியும். அட்டை வேறு எங்கோ போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டேன். ஆந்தை மேற்கே அறிவின் பறவை, நம் வீடுகளில் அபசகுனம். வெள்ளைத் துணி பழைய அட்டைகளில் தூய்மை, இங்கே இந்துக்களுக்கும் சீனர்களுக்கும் துக்க வீடு. ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் நண்பர்களுக்கு நான்கு என்ற எண் சாவின் ஒலி. பினாங்கில் உங்கள் அட்டை இத்தனை பேர் கையிலும் போகும். எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது, ஆனால் தெரிந்து வரைய வேண்டும். இஸ்லாத்தில் குறி பார்ப்பது விலக்கப்பட்டது. முஸ்லிம் நண்பரிடம் காட்டுவதாக இருந்தால் ஓவியமாகக் காட்டுங்கள், சீட்டு எடுக்கச் சொல்லாதீர்கள்.

தெய்வ உருவங்களை நான் அட்டையில் வரைவதில்லை, உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். டாரட் அட்டை கலைக்கப்படும், தரையில் விழும், தலைகீழாக வரும். தலைகீழாக வந்த மாரியம்மனை எடுத்துப் பலன் சொல்ல நம்மில் யாருக்கு மனம் வரும்? வேப்பிலை வரையுங்கள், மாவிலைத் தோரணம் வரையுங்கள், எலுமிச்சம்பழம் வரையுங்கள். அவை போதும்.

ஆறாம் படி: சின்னப் படங்கள், பிறகு பெரிய படம்

டாரட் அட்டையின் வழக்கமான அளவு 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். முதலில் அதிலும் பாதி அளவில் கட்டங்கள் போட்டுப் பென்சிலால் வேகமாகப் பத்துப் பன்னிரண்டு வரையுங்கள். ஆள் எங்கே, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். கட்டைவிரல் அளவில் புரியாத படம் மேசைமேல் விரித்த பத்து அட்டைக்கு நடுவில் நிச்சயமாகப் புரியாது.

என் அமைப்பு இது: பெண் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம், பக்கவாட்டில் நிற்கிறாள். வெளிச்சம் பட்ட மரமும் வெட்டும் வலப்பக்கம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில். வெட்டின் கோடு கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போய் மங்கில் விடுகிறது. முன்னால் மூன்று பெரிய மரம், பின்னால் ஆறு சிறுத்துக்கொண்டே போகிறது. கொசுவத்தியின் சுருள் அவள் இடுப்பில், சிவப்புப் புள்ளியோடு.

பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். டாரட்டில் தலைகீழ் அட்டைக்குத் தனிப் பலன் உண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். தலைகீழாக்கினால் ஏதாவது ஒன்று பொருள் மாற வேண்டும். இந்த அட்டையில் அது மங்கு. நேராக இருக்கும்போது பால் சேர்கிறது, கவிழ்ந்தால் சேர்ந்த பால் எல்லாம் கொட்டுகிறது. தனிமை அளவு மீறினால் என்ன ஆகும் என்று தலைகீழ்த் துறவி சொல்வதும் இதுவே.

ஏழாம் படி: மையும் நிறமும்

மூலப் படத்தை இரண்டு மடங்கில், அதாவது 140 க்கு 240 மி.மீ. அளவில் வரையுங்கள். ஏ4 தாளில் அடங்கும். சிறிதாக்கும்போது 0.3 மி.மீ. கோடு பாதியாகிவிடும் என்பதால் முக்கியக் கோடுகளுக்கு 0.5, 0.8 பேனா. தண்ணீரில் கரையாத மைதானா என்று ஓரத்தில் ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீர்வண்ணம் என்றால் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) தாள், நான்கு பக்கமும் பலகையில் ஒட்டுநாடா. பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம், ஒரு பூச்சு காய நேரமாகும். காயாத பூச்சின்மேல் அடுத்ததைப் போட்டால் இரவு நிறம் சேறாகிவிடும். முடித்த ஓவியத்தைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சைப் புள்ளி வரும்.

நிறங்களை மூன்று நான்கில் நிறுத்துங்கள். என்னுடையவை கரும்பச்சை கலந்த நீலம், விளக்கின் மஞ்சள், பட்டையின் பழுப்பு, கொசுவத்தியின் ஒரு புள்ளிச் சிவப்பு. வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான், பாலுக்கும் விளக்கின் நடுவுக்கும் மட்டும் விட்டு வைத்தது. வெள்ளை வேறு எங்கும் இல்லாததால் கண் இந்த இரண்டுக்கும் இடையேதான் போய் வரும்.

கணினியில் வரைகிறவர்களுக்கு கிரிட்டா என்ற இலவச மென்பொருளே போதும். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறமுறை. திரையில் ஒளிரும் நீலம் அச்சில் மங்கும். இரவுப் படம் எப்போதும் நினைத்ததைவிடக் கறுப்பாக வரும், ஒரு படி வெளிச்சமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: எண்ணும் பெயரும்

என் அட்டைக்குப் பெயர் "ஒற்றை விளக்கு". மேலே தமிழ் எண் ௯. பழைய தமிழ் எண்களில் பத்துக்குத் தனி எழுத்து உண்டு, ௰. ஆகவே முழுக் கட்டு வரைந்தால் பதினெட்டு ௰௮ என்று வரும். பார்க்கவும் மிக அழகு.

கையால் எழுதுவது சிறப்பு. கணினி எழுத்துரு என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள்: சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பை இயக்கிவிட்டு, எழுத்து சரியாக வந்ததும் அதை வடிவக் கோடுகளாக மாற்றி அச்சகத்துக்குக் கொடுங்கள். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் பிரச்சினை வராது.

ஒன்பதாம் படி: வாயை மூடிக்கொண்டு காட்டுங்கள்

பெயரை மறைத்துவிட்டு மூன்று வகை ஆட்களிடம் காட்டுங்கள்: அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர், டாரட் தெரிந்த ஒருவர், இரண்டும் தெரியாத ஒரு பிள்ளை. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இவங்க என்ன செய்றாங்க? மணி எத்தனை இருக்கும்? பயப்படுறாங்களா?" என்று கேளுங்கள். பிள்ளை "எதையோ தேடுறாங்க" என்று சொன்னால் அட்டை வேலை செய்கிறது. பாட்டி வெட்டையும் மங்கையும் பார்த்துவிட்டுத் தன் கதையைச் சொல்லத் தொடங்கினாலும் அப்படியே. யாராவது "பேய்ப் படமா?" என்றால் முகத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று பொருள்.

பத்தாம் படி: அச்சு

கோப்பில் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், மொத்தம் 76 க்கு 126 மி.மீ. முகம், எண், பெயர் எதுவும் வெட்டும் விளிம்புக்கு அருகே இருக்கக் கூடாது. வெட்டும் கத்தி கொஞ்சம் நகர்வது சகஜம், மெல்லிய கரை போட்டால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இளைத்துத் தெரியும். ஒன்று அகலமான கரை, இல்லையென்றால் கரையே வேண்டாம். 300 முதல் 350 ஜி.எஸ்.எம். அட்டை, பளபளப்பில்லாத மேல்பூச்சு, வட்ட மூலை என்று சொன்னால் அச்சகத்தில் புரிந்துகொள்வார்கள். முதலில் ஒரே ஒரு பிரதி கேளுங்கள். பின்பக்கக் கோலம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எது தலைகீழ் அட்டை என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நம் சிக்குக் கோலங்களில் அப்படித் திருப்பினாலும் மாறாதவை நிறைய உண்டு.

அடுத்த அட்டைக்கு

இரண்டாவதாக ஒரு எண் அட்டை செய்து பாருங்கள், அது வேறு வகைப் பயிற்சி. அங்கே இனமும் எண்ணிக்கையும் படத்தில் தெரிந்தாக வேண்டும். காசு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பமேலாவின் படத்தில் ஓர் இளைஞன் இரண்டு காசுகளை ஏந்தி ஆடுகிறான், இரண்டையும் எட்டு வடிவ நாடா ஒன்று சுற்றியிருக்கிறது, பின்னால் பெரிய அலைகளில் கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. பினாங்குத் துறைமுகத்தில் தோளில் தடி போட்டு, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகத் தூக்கிப் போய்த் தொழிலாளர்களுக்கு விற்ற நாசி கண்டார் வியாபாரியை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சமன் செய்வது, நடந்துகொண்டே சமன் செய்வது, பின்னால் கப்பல் எல்லாமே அங்கே இருக்கிறது. தடியின் வளைவை எட்டு வடிவமாக்க முயல வேண்டாம், இரண்டு சுமையும் வேறு வேறு உயரத்தில் ஆடட்டும். காசு இரண்டையும் எங்கே வைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. இரண்டு பானைகளின் வட்டமான மூடியை மேலிருந்து பார்ப்பதுபோல் சாய்த்து வரைந்து அதிலிருந்து தொடங்குங்கள்.